ஆறறிவு அலட்டல்

பேச்சுப்போட்டி மேடையில் ஏறுகிற யாரும் தப்பாமல் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு. "ஐந்தறிவு ஜீவன்களே இப்படி இருக்கும்போது, ஆறறிவு படைத்த மனிதர்களாகிய நாம்..." அப்புறம் கைதட்டல். நாய் ஒன்று குழந்தையைக் காப்பாற்றினால் "ஐந்தறிவு ஜீவனுக்கு இவ்வளவு பாசமா!" என்று ஆச்சரியப்படுகிறோம். பத்துப் பேர் சேர்ந்து ஒருவனை அடித்துக் கொன்றால் "மிருகங்கள்!" என்று திட்டுகிறோம். அதாவது, மிருகம் நல்லது செய்தால் அது அதிசயம். மனிதன் கெட்டது செய்தால் அதுவும் மிருகத்தின் கணக்கில். ரொம்ப நல்ல கணக்கு!

கீழே புழு, நடுவில் மாடு, குரங்கு, உச்சியில் நாம். இப்படி ஓர் ஏணியைச் சின்ன வயதிலிருந்தே மண்டைக்குள் சாத்தி வைத்திருக்கிறோம். இதை அறிவியல் என்றே பலபேர் நம்புகிறார்கள். இது அறிவியல் இல்லைங்க. நாமே வினாத்தாள் தயாரித்து, நாமே பரீட்சை எழுதி, நாமே திருத்தி, நாமே முதல் ரேங்க் வாங்கிக்கொண்ட கதை. அதோடு நின்றால்கூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம். அந்த மார்க்கை வைத்து யாரைக் கூண்டில் அடைக்கலாம் என்றும் முடிவு செய்கிறோமே, என் சண்டை அதோடுதான்.

தொல்காப்பியர் மேல் பழியைப் போடாதீங்க

முதலில் இந்த 'ஆறறிவு' என்ற சொல்லையே பார்த்துவிடலாம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மரபியல் என்று ஓர் இயல் இருக்கிறது. உயிர்களை அறிவால் வகைப்படுத்துவது அங்கேதான் வருகிறது. தொடு உணர்வு மட்டும் உள்ள புல்லும் மரமும் ஓரறிவு. நாக்கும் சேர்ந்தால் ஈரறிவு, நத்தை மாதிரி. மூக்கும் சேர்ந்தால் மூவறிவு, கறையானும் எறும்பும். கண்ணும் சேர்ந்தால் நாலறிவு, நண்டும் தும்பியும். காதும் சேர்ந்தால் ஐந்தறிவு. மனமும் சேர்ந்தால் ஆறறிவு.

கவனியுங்கள், இது எந்தெந்த வழியாக ஓர் உயிர் உலகத்தை அறிகிறது என்ற பட்டியல். மார்க் ஷீட் இல்லை. ஆறுக்கு ஐந்து வாங்கிய மாணவன் என்ற அர்த்தத்தில் அவர் மாட்டைப் பார்க்கவில்லை. இன்றைய உயிரியலை வைத்துப் பார்த்தால் அந்தப் பட்டியலில் திருத்த வேண்டியது நிறைய இருக்கும். அது வேறு விஷயம்.

மேடைப் பேச்சாளர்கள் வசதியாக விழுங்கிவிடுகிற இரண்டு சங்கதிகள் அதே இயலில் இருக்கின்றன. ஒன்று, விலங்குகளிலும் ஒரு சாராருக்கு ஆறாவது அறிவு உண்டு என்று சொல்கிற நூற்பா. உரையில் கிளியையும் குரங்கையும் உதாரணம் காட்டியிருக்கிறார்கள். இரண்டு, ஐந்தறிவு வரிசையில் 'மா' என்கிற விலங்குகளோடு 'மாக்கள்' என்று ஒரு கூட்டமும் நிற்கிறது. மாக்கள் என்றால் பகுத்தறியும் மனமில்லாத மனிதர்கள் என்று பொருள் சொல்வார்கள். மக்கள் வேறு, மாக்கள் வேறு!

ஆக, ஏணி என்று ஒன்றைச் செய்துவிட்டால் அதில் சில விலங்குகள் மேலே ஏறும். சில மனிதர்கள் கீழே இறக்கப்படுவார்கள். இந்த இரண்டாவது பாதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

தாண்டத் தாண்டக் கோட்டைத் தள்ளிப் போடுவது

"கருவி செய்யத் தெரிந்தவன் மனிதன் மட்டுமே" என்று ஒரு காலத்தில் பாடப் புத்தகம் சொன்னது. 1960-ல் தான்சானியாவின் கோம்பே காட்டில் ஜேன் குடால் என்ற இளம்பெண் ஒரு சிம்பன்சியைப் பார்த்தார். அது புல் தண்டைக் கறையான் புற்றுக்குள் விட்டு, கறையான் கவ்வியதும் இழுத்துச் சாப்பிட்டது. குச்சியில் இருந்த இலைகளை உருவி எடுத்துப் பதமாக்கிக்கொண்டதையும் பார்த்தார். கருவியைப் பயன்படுத்தியது மட்டுமில்லை, செய்தும் இருக்கிறது. அவருடைய ஆசான் லூயி லீக்கி இதைக் கேட்டுவிட்டு, இனி கருவி என்பதற்கோ மனிதன் என்பதற்கோ வேறு இலக்கணம் எழுத வேண்டும், இல்லாவிட்டால் சிம்பன்சியை மனிதன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் பதில் அனுப்பினார்.

நாம் எதைத் தேர்ந்தெடுத்தோம்? மனிதனின் இலக்கணத்தைத்தான் மாற்றினோம். "சரி சரி, சிம்பன்சி நமக்குச் சொந்தக்காரன்தானே. மற்றதெல்லாம் செய்யுமா?"

2002-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பெட்டி என்ற நியூ கலிடோனியக் காகம் நேரான கம்பியை வளைத்துக் கொக்கி செய்து, குழாய்க்குள் இருந்த சின்ன வாளியைத் தூக்கிச் சாப்பாட்டை எடுத்தது. உலகமே வாயைப் பிளந்தது. அந்த இனக் காகங்கள் காட்டிலும் குச்சியை வளைப்பது வழக்கம்தான் என்று 2016-ல் தெரிந்தபோது, "அட, அது பிறவிப் பழக்கம்தானா" என்று ஒரு பெருமூச்சு. நியாயமான சந்தேகம்தான். ஆனால் நம் வீட்டுக் குழந்தை எட்டு மாதத்தில் மழலை பேச ஆரம்பிப்பதும் பிறவியிலேயே வந்த உந்துதல்தானே? அதற்காக அதன் பேச்சு அறிவில்லை என்று யாராவது சொல்கிறோமா?

அடுத்தது ஜப்பான். 2007-ல் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளியானது. தொடுதிரையில் எண்கள் சிதறலாக ஒரு கணம் தோன்றும். பிறகு வெள்ளைக் கட்டங்கள் அவற்றை மூடிவிடும். எந்த எண் எங்கே இருந்தது என்று வரிசையாகத் தொட வேண்டும். அயுமு என்ற இளம் சிம்பன்சி, ஐந்து எண்களை வெறும் 0.21 விநாடி பார்த்துவிட்டு 10-க்கு 8 தடவை சரியாகத் தொட்டது. அதே வேகத்தில் கல்லூரி மாணவர்கள் 10-க்கு 4 தான். (நம்ம இனத்தை இப்படி மானபங்கப்படுத்தியிருக்கக் கூடாது :-) )

உடனே மறுப்பு வந்தது. அயுமுவுக்கு நிறையப் பயிற்சி இருந்தது, மனிதர்களுக்கும் பயிற்சி கொடுத்தால் அதே அளவு செய்வார்கள் என்று 2009-ல் செய்து காட்டினார்கள். இதுவும் நியாயமான மறுப்பே. ஆனால் ஒன்று கேட்கிறேன். மனிதன் தோற்றதும் "வாய்ப்புக் கொடுங்கள், பயிற்சி கொடுங்கள், பரீட்சை நியாயமாக நடந்ததா பாருங்கள்" என்கிறோம். விலங்கு தோற்றபோது இத்தனை கேள்வி கேட்டோமா?

வினாத்தாள் யாருக்காக எழுதப்பட்டது?

கேட்கவில்லை என்பதற்கு இரண்டு உதாரணங்கள்.

கிப்பன் குரங்குகளை ரொம்ப காலம் மக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். தரையில் கிடக்கும் கயிற்றை இழுத்து, அதன் நுனியில் கட்டியிருக்கும் தின்பண்டத்தை எடுக்க வேண்டும். மற்ற குரங்குகள் சுலபமாகச் செய்தன. கிப்பன் செய்யவில்லை. 1967-ல் பெஞ்சமின் பெக் என்ற ஆய்வாளர் கிப்பனின் மண்டையை விட்டுவிட்டு அதன் கையைப் பார்த்தார். மரத்துக்கு மரம் தொங்கிப் போகிற விலங்கு அது. நீளமான விரல்கள் கொக்கி மாதிரி வளையும். தட்டையான தரையிலிருந்து கயிற்றைப் பொறுக்குவது அந்தக் கைக்குக் கஷ்டம். கயிற்றைத் தோள் உயரத்தில் வைத்தார். அவ்வளவுதான், கிப்பன் மற்றவற்றுக்குச் சமமாகப் பாஸ்!

அடுத்தது யானை. உயரத்தில் பழத்தைத் தொங்கவிட்டுக் கீழே குச்சியைப் போட்டால், குச்சியால் தட்டி எடுக்கும் என்று எதிர்பார்த்தார்கள். எடுக்கவில்லை. "யானைக்குத் திடீர் யோசனை வராது" என்று தீர்ப்பு எழுதத் தயார். ஆனால் யானைக்குத் தும்பிக்கை என்பது வெறும் கை இல்லை. அதுதான் மூக்கும். குச்சியைப் பிடித்துக்கொண்டால் நுனியால் மோப்பம் பிடிக்கவும் தடவிப் பார்க்கவும் முடியாது. கண்ணை மூடிக்கொண்டு பந்தைப் பிடி என்று நம்மிடம் சொல்வது மாதிரி. வாஷிங்டன் விலங்குக் காட்சிசாலையில் இருந்த கண்டுலா என்ற இளம் ஆசிய யானைக்குக் குச்சிகளோடு ஒரு பெரிய பிளாஸ்டிக் கட்டையையும் வைத்துப் பார்த்தார்கள். அது கட்டையை உருட்டிக்கொண்டு வந்து, பழத்துக்குக் கீழே நிறுத்தி, முன்னங்காலை அதன் மேல் வைத்து ஏறிப் பறித்துவிட்டது. 2011-ல் இந்த ஆய்வு வெளிவந்தது.

இந்த விஷயம் நம்ம செட்டுக்குப் புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்? பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, முதல் வருடத்தில் ஆங்கிலத்தில் கேள்வித்தாளைப் பார்த்து முழித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! விடை தெரியும், கேள்வி புரியவில்லை. வாத்தியார் பார்வையில் அவன் மக்கு. உண்மையில் அங்கே ஃபெயில் ஆனது பையனா, வினாத்தாளா? கயிற்றைத் தரையில் போட்டுவிட்டுக் கிப்பனை மக்கு என்றவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

மறுபக்கமும் பேசிவிடுவோம்

மிருகங்களை ஓவராகத் தூக்கி வைத்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஹான்ஸ் என்ற குதிரையை நினைவுபடுத்துகிறேன். 1904 வாக்கில் பெர்லினில் இது பெரிய பிரபலம். கூட்டல் கழித்தல் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் குட்டை உடைத்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் எதிரே நிற்பவர் தன்னை அறியாமலே தலையை லேசாக அசைப்பார். அதைப் பார்த்துத்தான் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. ஆக, ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாது. இதிலிருந்து பாடம் படித்துத்தான் இன்றைய ஆய்வுகள் இவ்வளவு கறாராக நடக்கின்றன.

ஆனால் கதையை இன்னொரு தடவை படியுங்கள். தலையை அசைத்தவருக்கே தெரியாத அசைவு. சுற்றி நின்ற அறிஞர்கள் கண்ணில் படாத அசைவு. அது குதிரைக்குத் தெரிந்திருக்கிறது! கணக்கைச் சோதிக்கப் போனவர்கள், கணக்கு வரவில்லை என்றதும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மற்றவர்களின் உடம்பை வாசிப்பது ஒரு பாடமாக இருந்திருந்தால், அன்றைக்கு முதல் ரேங்க் குதிரைக்குத்தான்.

வட அமெரிக்க மலைகளில் கிளார்க் நட்கிராக்கர் என்று ஒரு பறவை. பைன் விதைகளை ஆயிரக்கணக்கான இடங்களில் மண்ணுக்குள் ஒளித்து வைத்துவிட்டு, மாதங்கள் கழித்துப் பனிக்காலத்தில் தேடி எடுத்துத் தின்னும். நாம் தியேட்டர் பார்க்கிங்கில் விட்ட வண்டியை மூன்று மணி நேரம் கழித்துத் தேடுகிறோம். அந்தப் பறவை வினாத்தாள் எழுதினால் நமக்கு எத்தனை மார்க்?

"நிலாவுக்குப் போனது யாருடா?"

இது கட்டாயம் வரும். வரட்டும். "யானை ராக்கெட் விட்டதா? குதிரை கவிதை எழுதியதா? நீ எழுதுகிற இந்தக் கட்டுரையைக் குரங்கு எழுதுமா?"

எழுதாது. மனிதனுக்கும் மற்ற உயிர்களுக்கும் வித்தியாசமே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. மிகப் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

2007-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 106 சிம்பன்சிகள், 32 ஒராங்குட்டான்கள், இரண்டரை வயதுள்ள 105 குழந்தைகள் என மூன்று கூட்டத்துக்கும் ஒரே வரிசைச் சோதனைகளை வைத்தார்கள். பொருள் எங்கே மறைந்திருக்கிறது, எது அதிகம் எது குறைவு, எதைத் தொட்டால் எது நகரும் போன்ற விஷயங்களில் குழந்தைகளும் சிம்பன்சிகளும் கிட்டத்தட்ட சமம். அடுத்தவர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது, அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்வது போன்றவற்றில்தான் குழந்தைகள் வெகுதூரம் முந்தின.

புரிகிறதா? நம் பலம் தனி மண்டையில் இல்லை. ஒருவர் கண்டதை இன்னொருவர் கற்று, அதன் மேல் ஒரு கல் வைத்து, அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிற பழக்கத்தில் இருக்கிறது. 1969-ல் நிலாவில் இறங்கியது மனித இனம் சேர்த்து வைத்த சொத்து. அதில் என் பங்கு பூஜ்யம், மன்னிக்கணும், உங்க பங்கும் பூஜ்யம்தான். ஒரு பால்பாயிண்ட் பேனாவைத் தனியாக, அடியிலிருந்து செய்யத் தெரிந்தவர் நம் வகுப்பில் யார்? ஐன்ஸ்டீன் வாங்கிய மார்க்கை நம் எல்லோர் பெயரிலும் போட்டுக்கொண்டு, "நான் யானையைவிட உயர்ந்தவன்" என்று காலரைத் தூக்கிவிடுவது பக்கத்து வீட்டுக்காரன் கலெக்டர் ஆனதற்கு நாம் மாலை போட்டுக்கொள்கிற கதை.

ஒரே காட்சிசாலை, நூறு வருடம்

சரி, அளவுகோல் தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்? இதோ.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலை. 2006-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அங்கே ஹேப்பி என்ற ஆசிய யானையின் நெற்றியில் வெள்ளைக் குறி ஒன்றைப் போட்டுப் பெரிய கண்ணாடி முன்னால் விட்டார்கள். ஹேப்பி கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தும்பிக்கையால் தன் நெற்றியிலிருந்த குறியைத் திரும்பத் திரும்பத் தொட்டது. கண்ணாடியில் தெரிவது 'நான்' என்று புரிந்துகொள்வது மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் மட்டும் உரியது என்று நெடுநாள் பேசப்பட்ட பரீட்சை அது. யானை பாஸ்.

பாஸ் ஆன பிறகு என்ன கிடைத்தது? ஒன்றும் கிடைக்கவில்லை. ஹேப்பியை யானைகள் சரணாலயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 2022 ஜூனில் நியூயார்க் மாநிலத்தின் உச்ச அமர்வு 5-க்கு 2 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. யானைகள் அறிவுள்ள உயிர்கள் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் ஆட்கொணர்வு மனு மனிதர்களுக்கு மட்டும் என்றது தீர்ப்பு. அப்புறம் எதற்கய்யா கண்ணாடி வைத்துப் பரீட்சை நடத்தினீர்கள்?

இதைவிடக் கசப்பானது ஒன்று இருக்கிறது. அதே பிராங்க்ஸ் காட்சிசாலையில், அந்தக் கண்ணாடிச் சோதனைக்குச் சுமார் நூறு வருடம் முன்பு, 1906 செப்டம்பரில், குரங்குகளின் கூடத்தில் ஒரு மனிதனை வைத்துக் காட்டினார்கள். பெயர் ஓட்டா பெங்கா. காங்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட இளைஞர். கூட ஓர் ஒராங்குட்டான். வேடிக்கை பார்க்கக் கூட்டம் அலைமோதியது. நகரத்தின் கறுப்பினப் பாதிரியார்கள் எதிர்த்த பிறகே அவர் வெளியே வந்தார். ஊர் திரும்ப வழியில்லாமல், 1916-ல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். காட்சிசாலையை நடத்தும் அமைப்பு மன்னிப்புக் கேட்டது 2020-ல்!

ஓட்டா பெங்காவை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது எது? இந்த ஏணிதான். குரங்குக்கும் வெள்ளைக்காரனுக்கும் நடுவில் ஒரு படி வேண்டியிருந்தது, அந்தப் படியில் அவரை நிற்க வைத்தார்கள். சில வருடங்களில் அதே நகரத்தின் துறைமுகத்தில், எல்லிஸ் தீவில், கப்பலின் கடைசி வகுப்பில் வந்து இறங்கிய யூதர்கள், இத்தாலியர்கள், ரஷ்யர்களுக்கு ஹென்றி காடர்ட் என்ற உளவியலாளர் அறிவுச் சோதனை நடத்தி, சோதித்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் போல மந்த புத்திக்காரர்கள் என்று எழுதினார். வாரக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு, மொழி தெரியாத ஊரில் பயந்து நிற்கிறவர்கள்! கயிறு மறுபடியும் தரையில்.

இப்போது 'மாக்கள்' நினைவுக்கு வருகிறதா? ஏணிக்கு விலங்கு மனிதன் என்ற பேதம் கிடையாது. கீழே ஒரு படியைக் கட்டி, அங்கே இருப்பவர்களை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், நாளைக்கு அந்தப் படியில் யாரை வேண்டுமானாலும் இறக்கலாம். 'அவனுங்களுக்கு என்ன தெரியும்' என்று ஒரு சாதியைப் பற்றியோ ஒரு தொழில் செய்கிறவர்களைப் பற்றியோ பேசுகிற வாயும், 'ஐந்தறிவு ஜீவன்' என்று சொல்கிற வாயும் ஒரே வாய்தான்.

கேள்வியை மாற்றுங்கள்

"அப்போ எல்லா மிருகத்துக்கும் ஃபுல் மார்க் போடச் சொல்றியா?" இல்லை. மார்க் போடுவதை நிறுத்தச் சொல்கிறேன்.

2013-ல் இந்திய அரசு டால்ஃபின் காட்சிக் கூடங்களுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தது. நல்ல முடிவு. டால்ஃபின் மிகுந்த அறிவுள்ள உயிர் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. எனக்கு உறுத்துவது அந்தக் காரணம்தான். அறிவாளி என்பதால் டால்ஃபினுக்கு விடுதலை என்றால், திரும்பக்கூட இடமில்லாத கூண்டில் நிற்கிற கோழி என்ன பாவம் செய்தது? பரீட்சையில் தோற்றது அதன் குற்றமா?

2022-ல் பிரிட்டன் வேறு மாதிரி கேட்டது. விலங்குகளின் உணர்வை அங்கீகரிக்கும் சட்டத்தில் ஆக்டோபஸோடு நண்டையும் இறாலையும் சேர்த்தார்கள். நண்டு கணக்குப் போடுமா, கண்ணாடியில் தன்னைக் கண்டுபிடிக்குமா என்று பார்க்கவில்லை. அதற்கு வலிக்குமா என்று பார்த்தார்கள். வலிக்கும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இருந்தது. நாலறிவு நண்டுக்குக் கிடைத்த அந்த மரியாதை, கண்ணாடிப் பரீட்சை பாஸ் செய்த ஹேப்பிக்கு அதே வருடம் கிடைக்கவில்லை. கேட்ட கேள்வி வேறு, வந்த பதிலும் வேறு.

வலிக்க மூளை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பயப்பட இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. குட்டியைப் பிரித்தால் கத்துவதற்கு எந்தப் பரீட்சையும் பாஸ் பண்ண வேண்டியதில்லை.

நமக்கு ஆறாவதாக மனம் என்று ஒன்று இருக்கிறது என்றார்களே, அது ஏணியின் உச்சியில் உட்கார்ந்து காலாட்டுவதற்காக இருக்க முடியாது. இன்னொரு உயிருக்கு வலிக்கிறது என்று, அது வாய் திறந்து சொல்லாமலே புரிந்துகொள்ள முடிகிறதே, அதற்காக இருக்கலாம். அதைச் செய்யாதவரை நம் ஆறாவது அறிவு வெறும் அலட்டல். அடுத்த மேடையில் யாராவது "ஐந்தறிவு ஜீவன்களே..." என்று ஆரம்பித்தால், கைதட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: வினாத்தாளைத் தயாரித்தது யாருங்க?